ரஜூலா நம் கப்பலா?

நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை முதலிய ஊர்களில் வெளிவரும் ஆண்டு மலர்களைப் புரட்டுவோர், 'ரஜூலா' என்ற பெயரைக் காணாமல் பத்துப் பக்கம் கடப்பது அரிது. அந்த நீராவிக் கப்பலே நமக்குக் கடலைத் திறந்துவிட்டதென்றும், அதனால்தான் நம்மவர் பினாங்கையும் சிங்கப்பூரையும் கண்டனர் என்றும் எழுதுகின்றனர். முன்னோரை நினைவுகூர்வதை யான் குறை கூறவில்லை. கூற்று பொய் என்கிறேன்.

ஆண்டுகளை அடுக்கிப் பார்ப்போம். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது 1801-ஆம் ஆண்டளவில். அதனை நிறுவிய காதிர் முகைதீன் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்தவர். சிங்கப்பூரில் சூலியா ஜாமிஆ பள்ளிவாசல் 1826-இல் தோன்றியது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டப்பட்டது. ரஜூலாவுக்கு உரிமையான பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, வேறொரு பெயரில் பிறந்ததே 1856-இல்தான்! கம்பெனி பிறப்பதற்கு முன்பே அங்கே பாங்கு ஒலித்ததென்றால், அதை ஒலித்தவர் யாருடைய கப்பலில் போனார்? பாய்மரக் கப்பலில் போனார். அவற்றுட் பல நம் மரக்காயர்களுக்கே உரியவை. பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியே கப்பலுடையவர் அன்றோ!

இதற்குச் சான்றாக நம் மொழியையே அழைக்கலாம். மாலுமி என்னும் சொல் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபு. கற்பிப்பவர் என்பது அதன் பொருள். மதரஸாவில் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுக்கும் என் போன்றவனுக்கும் அதுவே பெயர். விண்மீன் பார்த்து வழி கூறுபவனைக் கடலின் ஆசிரியனாக மதித்தனர். சுக்கான் அரபுச் சொல். கலாசியும் அவ்வழி வந்ததே. கப்பற்றலைவனைக் குறிக்கும் 'நாகுதா' பாரசீகம். உடைமையும் அறிவும் உழைப்பும் ஒரே கடற்கரையில் இருந்ததற்கு இச்சொற்களே சாட்சி. நீராவிக் கப்பல் வந்ததும் நாகுதாவின் இடத்தில் காப்டன் வந்தார். முஅல்லிமின் இடத்தில் ஆங்கிலேய அதிகாரி வந்தார். சுக்கானைப் பிடித்தவன் அப்போதும் இந்தியன்தான். திசையைச் சொன்னவன் அவன் அல்லன். கலாசி மட்டும் கலாசியாகவே நின்றான், வெள்ளை மாலுமிக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பங்கைச் சம்பளமாகப் பெற்றுக்கொண்டு.

இனி ரஜூலாவுக்கு வருவோம். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது; 8,000 டன்னுக்கு மேற்பட்டது. அறை பெற்றுப் பயணம் செய்தோர் இருநூறு பேரைத் தாண்டார். தளத்தில் ஏற்றிச் செல்லத் தொடக்கத்தில் பெற்றிருந்த அனுமதியோ 5,000 பேருக்கும் அதிகம்! இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அக்கப்பல் யாருக்காக, எவ்வாறு கணக்கிட்டுக் கட்டப்பட்டது என்பது விளங்கும். மனிதரும் ஒருவகைச் சரக்கு. பாய் விரிக்கும் இடமே பயணச்சீட்டின் பொருள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணுகாது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் ஏறி, அலையில் ஆடி, மூட்டையோடு மூட்டையாகப் பக்கத்து ஏணியைப் பற்ற வேண்டும். மலாய்த் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைத் தொழிலாளரின் நிலை இன்னும் கொடிது. 1907-இல் தோட்ட முதலாளிகளின் பணத்தால் அமைந்த நிதி அவர்களுடைய கட்டணத்தைச் செலுத்தியது. கங்காணி கையைக் காட்டினான். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாமில் அடைத்தனர். பினாங்கின் அருகே ஜெரெஜா தீவில் நோய்த்தடுப்புக்கென மறுபடியும் அடைத்தனர். 1938-இல் இந்திய அரசு அத்தகைய ஆளனுப்புதலைத் தடை செய்யும்வரை இது நடந்தது. சாமானுக்கு வாடகை கிடைத்தது போலவே அவர்களுக்கும் வாடகை கிடைத்தது. கம்பெனிக்கு வேறுபாடு என்ன?

நீராவியால் நன்மையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பருவக்காற்றுக்காகக் கரையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தத் தேதியில் புறப்படும் என்று தந்தி கொடுக்க முடிந்தது. கைலி வணிகருக்கும் பாக்கு வணிகருக்கும் அது பெரிய வசதி. ஆனால் வசதியைப் பெற்றவன் உடைமையை இழந்தான் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டாமா?

இழந்ததை மீட்க ஒரு முயற்சி நடந்தது. 1906-இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் கொடுத்தார். எதிரே நின்றது எது? ரஜூலாவுக்கு உரிய அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி! கட்டணத்தை இறக்கிற்று, இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுக்க முன்வந்தது. 1908-இல் சிதம்பரனார் சிறை சென்றார். 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைந்தது. சேட் அவர்களின் இரண்டு இலட்சத்துக்கு ஒரு வரியும் ஒதுக்காத மலர், ரஜூலாவின் புகைபோக்கிக்கு முழுப் பக்கப் படம் போடுகிறது.

ரஜூலா 1973-இல் இந்தியக் கப்பற் கழகத்துக்கு விற்கப்பட்டு, ரங்கத் என்று பெயர் மாறி, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. அதன்பின் அத்தடத்தில் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு அந்தப் பயணமும் நின்றது. இரும்பு போய்விட்டது. தாள் இன்னும் இருக்கிறது. என் மனக்குறையே அதில்தான்.

என் பாட்டனார் பினாங்கிலிருந்து அரபுத் தமிழில் எழுதிய கடிதம் ஒன்று என்னிடம் உள்ளது. மழையில் பாய் நனைந்ததையும், அடுப்பருகே இடம்பிடிக்க நடந்த சண்டையையும், தமக்கு இடம் விட்டுக்கொடுத்த ஒரு கலாசியையும் அதில் குறிப்பிடுகிறார். கப்பலின் அழகைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனோடு ஒரு பெட்டி நிறையக் கடிதங்கள் இருந்தன. அரபெழுத்தாயிற்றே, பிஸ்மியும் இருக்கிறதே, காலில் மிதிபடலாகாதே என்று அஞ்சி, வீட்டுப் பெரியவர்கள் மரியாதையோடு அவற்றைக் கிணற்றில் இட்டுவிட்டனர். பல வீடுகளில் இதுவே வழக்கம். உள்ளே இருப்பது ஆயத்தா, அரிசி விலையா என்று எவரும் படித்துப் பார்ப்பதில்லை. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறோம். கிணற்றில் இடுமுன் ஒருமுறை எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.