ரேய் என்றால் போதாதா?

கொரோனா ஊரடங்குக் காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டை பாணுக்காகவோ பருப்புக்காகவோ நடந்ததல்ல. ஒரு விண்வெளிப் படத்துக்காக நடந்தது. சண்டை பிடித்தவர்கள் காக்காவும் நானும். தீர்ப்புச் சொன்னவர், படத்தில் ஒரு நிமிடம்கூடப் பார்க்காத எங்கள் உம்மும்மா.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது காக்கா தன் மடிக்கணினியில் ஒரு ‘ஸ்டார் வார்ஸ்’ படம் காட்டினார். 2015இல் வெளிவந்த ‘த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’. அதில்தான் ரேயை முதன்முதலாகக் கண்டேன். ஜக்கு என்னும் மணல் கிரகத்தில், விழுந்து கிடக்கும் பழைய போர்க் கப்பல்களுக்குள் ஏறி இயந்திரப் பாகங்களைக் கழற்றி விற்று, அதற்குக் கிடைக்கும் ஒரு பொட்டல உணவில் உயிர் வாழும் பெண் அவள். தன்னை விட்டுப் போன பெற்றோர் வருவார்கள் என்று சுவரில் கோடு கீறி நாட்களை எண்ணுவாள். என் வாப்பா வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகு இயந்திரம் திருத்துபவர். கிறீஸ் படிந்த கைகளும், கழற்றிச் சாக்கில் பரப்பிய பாகங்களும் நான் பிறந்ததில் இருந்து பார்ப்பவை. அதனால் ரேய் எனக்கு வேற்றுக் கிரகத்துப் பெண்ணாகத் தெரியவில்லை. எங்கள் முற்றத்தில் இருந்து எழும்பிப் போனவள் போல இருந்தாள்.

அடுத்த படம் 2017இல் வந்தது. ரயன் ஜோன்சன் இயக்கிய ‘த லாஸ்ட் ஜெடாய்’. அதில் ரேய் ஓர் இருட்டுக் குகைக்குள் போய்த் தன் பெற்றோரைக் காட்டும்படி கேட்கிறாள். கண்ணாடி போன்ற சுவரில் தெரிவது அவளுடைய முகம் மட்டும்தான். பிறகு கைலோ ரென் அவளிடம் உண்மை என்று ஒன்றைச் சொல்கிறான்: உன் பெற்றோர் யாருமில்லை, குடிக்கக் காசு தேவைப்பட்டு உன்னை விற்றவர்கள். அவள் அழுகிறாள். ஆனால் எழுந்து நின்று போராடுகிறாள். படத்தின் கடைசியில் குதிரை லாயம் போன்ற ஓரிடத்தில் வேலை செய்யும் பெயர் தெரியாத சிறுவன் ஒருவன், கை நீட்டியதும் துடைப்பம் தானாக வந்து அவன் கையில் சேர்கிறது. அந்தப் பேராற்றல் எந்தப் பரம்பரைக்கும் சொந்தமில்லை, யாரிடமும் பிறக்கலாம் என்பதுதான் அதன் பொருள். அந்தக் காட்சியை நான் மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

1977இல் ஜோர்ஜ் லூகாஸ் தொடங்கிய இந்தக் கதை, 42 ஆண்டுகளுக்குப் பிறகு 2019 டிசம்பரில், ஒன்பதாவது படத்துடன் முடிந்தது. ஜே.ஜே. ஏப்ராம்ஸ் இயக்கிய ‘த ரைஸ் ஒஃப் ஸ்கைவோக்கர்’ அது. ஊரடங்கில் பாடசாலை இல்லாத ஓர் இரவில் நாங்கள் அதைப் பார்த்தோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2016இல் மறைந்துபோன நடிகை கேரி ஃபிஷரின் பழைய காட்சிகளை வைத்தே லேயா இளவரசியின் முடிவைச் சொல்லியிருந்தார்கள். அவருடைய மரணச் செய்தி கேட்டு சுபாக்கா நிலத்தில் விழுந்து அழும்போது நானும் அழுதேன். தன் நினைவுகள் அழியப்போவது தெரிந்ததும் தங்க நிற இயந்திர மனிதன் தன் நண்பர்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்கும் இடத்தில் காக்காவே மூக்கைத் துடைத்தார்.

பிறகுதான் அந்த இடி விழுந்தது. ரேய் யாருமில்லாதவள் அல்லவாம். 1983இல் வந்த படத்திலேயே செத்துப்போன பேரரசன் பல்பட்டீனின் பேத்தியாம்! அவளுக்கு ஏன் இத்தனை ஆற்றல்? அவனுடைய இரத்தம் ஓடுவதால். அவ்வளவுதான். குகையில் அவள் தன் முகத்தைக் கண்டது, அழுதது, எழுந்தது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாட்டனாரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் மடிக்கணினியை மூடிவிட்டேன். காக்கா திறந்தார். சண்டை தொடங்கியது.

காக்காவின் வாதத்தையும் நேர்மையாக எழுத வேண்டும். “கெட்டவன்ட பேத்தியா இருந்தும் அவள் நல்லவளாத்தானே நிக்கிறாள்? பாட்டன் ஆரா இருந்தாலும் நாம ஆரு எண்டுறத நாமதான் முடிவெடுக்கணும். இது நல்ல பாடந்தானே?” என்றார். 1980இல் வந்த படத்தில் லூக்கின் தந்தை யாரென்று தெரியவந்ததும் இப்படித்தான் என்றும் சொன்னார். பாடம் நல்லதுதான். ஆனால் லூக்குக்குத் தந்தை யாரென்று தெரிந்தது ஒரு காயமாக வந்தது. அதற்கு முன்பே அவனை நாம் ஏற்றுக்கொண்டிருந்தோம். ரேய்க்கோ அது அவளுடைய திறமைக்கு விளக்கமாக வந்தது. பெரிய இடத்துப் பிள்ளை இல்லாமல் இவ்வளவு செய்திருக்க முடியாது என்று கதை சொல்லாமல் சொல்லிவிட்டது.

அப்போதுதான் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்டிருந்த உம்மும்மா வாய் திறந்தார்: “அது சரி, அந்தப் புள்ளட உம்மா ஆரு? எந்தக் குடி?”

வீடே சிரித்தது. பிறகு யோசித்தால், அது சிரிப்பதற்குரிய கேள்வியே இல்லை. எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் குடி தாய்வழியாக வருவது. அந்தக் கணக்கில் ரேயின் குடி அவளுடைய உம்மாவின் குடி. பல்பட்டீனுக்கு அதில் பங்கே இல்லை! ஆனால் அந்தத் தாயின் பெயரைக்கூடப் படம் சொல்லவில்லை. மகளைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுத்தவளுக்குப் பெயரில்லை; அவளைக் கொல்ல ஆள் அனுப்பியவனுக்குத்தான் பரம்பரை.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

ஒருமுறை தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியில் எனக்கு முதலிடம் கிடைத்தது. வாழ்த்த வந்த ஒருவர், “ஆர்ர புள்ள மகள் நீங்க?” என்று கேட்டார். வாப்பாவின் பெயரையும் தொழிலையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சிறு தயக்கம். “அப்ப ஆரு எழுதித் தந்த?” என்றார். நான் இரவிரவாக இருந்து எழுதிய பேச்சு அது.

அதே ஆண்டு கட்டுரைப் போட்டியில் என் தோழி ஒருத்தி வென்றாள். அவளுடைய பாட்டனார் ஊரறிந்த ஆசிரியர். அவளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. “இரத்தத்தில ஊறினது, எழுதாமலா இருப்பா?” என்றார்கள். அன்று பின்னேரம் அவள் அழுதாள். எட்டுத் தடவை கிழித்து எழுதிய கட்டுரைக்குரிய புகழ், அவள் பிறக்கும் முன்பே மௌத்தான பாட்டனாருக்குப் போய்விட்டது. பரம்பரையைத் தேடும் கேள்வி பரம்பரை இல்லாதவளை மட்டும் சுடுவதில்லை என்பதை அன்றுதான் கண்டேன். இருப்பவளிடம் இருந்தும் அது திருடுகிறது.

இதே படத்தில் ரோஸ் டிக்கோ என்றொரு பெண் உண்டு. இயந்திரம் பராமரிப்பவள். பெரிய இடத்துப் பிள்ளையல்ல. 2017 படத்தில் கதையின் முக்கியமான பகுதியைச் சுமந்தவள். அந்தப் பாத்திரத்தில் நடித்த கெலி மாரி டிரான் வியட்நாமியப் பெற்றோரின் மகள். இணையத்தில் சிலர் அவரை இனத்தையும் தோற்றத்தையும் சொல்லி வதைத்தார்கள். 2018இல் அவர் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் அழித்தார். கடைசிப் படத்தில் ரோஸ் வரும் நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை. பேரரசனுக்குத் திரும்பி வர இடம் இருந்தது. இயந்திரம் திருத்துபவளுக்கு இருந்த இடமும் போய்விட்டது. இயந்திரம் திருத்துபவரின் மகளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தப் படத்துக்கே உண்மை தெரிந்த ஓரிடமும் இருக்கிறது. இறுதிப் போரில் எல்லாம் தோற்கும் வேளையில் வானம் நிறையக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. எந்த நாட்டுக் கடற்படை இது என்று எதிரித் தளபதி திகைக்கிறான். கடற்படை ஒன்றுமில்லை, வெறும் மக்கள்தான் என்று பதில் வருகிறது. பெயர் தெரியாத ஆயிரமாயிரம் பேர் வந்துதான் அந்தப் பக்கம் பிழைக்கிறது. அந்த ஒரு நிமிடம் மட்டும், நான் நேசித்த கதை திரும்பி வந்தது.

நமக்கு இது புதிய பாடமும் அல்ல. கஃபாவின் மேலே ஏறி பாங்கு சொன்ன பிலால் (ரலி) அவர்களின் பாட்டனார் யாரென்று நாம் யாரும் கேட்பதில்லை. மேடையில் இதைச் சொல்கிறோம். மேடையை விட்டு இறங்கியதும் பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் “ஆர்ர புள்ள?” என்கிறோம்.

படத்தின் கடைசிக் காட்சியில், இரண்டு சூரியன்கள் மறையும் மணல் வெளியில் ஒரு மூதாட்டி ரேயிடம் அவள் யாரென்று கேட்கிறாள். “ரேய்” என்கிறாள். எந்த ரேய் என்று மறுபடி கேட்கிறாள். சற்று யோசித்து, தனக்குக் கற்றுத் தந்தவர்களின் குடும்பப் பெயரைச் சேர்த்து “ரேய் ஸ்கைவோக்கர்” என்கிறாள். அன்புக்காகச் சேர்த்த பெயர் என்று காக்கா சொல்கிறார். இருக்கலாம். ஆனாலும் முதல் பதிலோடு படம் முடிந்திருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு குடும்பத்தோடு பாசிக்குடாவுக்குப் போனோம். எங்கள் கடலில் சூரியன் மறைவதில்லை. அது முதுகுப் பக்கமாகத் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கும். முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்துவிட்டுத் திரும்பும்போது, கரையில் இருந்த வயதான உம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். “ஆர்ர புள்ள மகள் நீ?”

முதலில் என் பெயரைச் சொன்னேன். உயர்தரம் படிக்கிறேன் என்றேன். பிறகு, கொஞ்சமும் குரலைத் தாழ்த்தாமல், வாப்பாவின் பெயரையும் அவர் படகு இயந்திரம் திருத்துபவர் என்பதையும் சொன்னேன். வாப்பாவை மறைக்க வேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் இல்லை. நான் கேட்பது அந்த வரிசையை மட்டும்தான்.

இதை வாசிக்கும் உம்மாமாரிடமும் வாப்பாமாரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பெண்பிள்ளை உங்கள் முன்னால் வந்து நின்றால், முதலில் அவளுடைய பெயரைக் கேளுங்கள். என்ன படிக்கிறாய், என்ன செய்ய ஆசை என்று கேளுங்கள். யாருடைய பிள்ளை என்ற கேள்வி அதன் பிறகும் வரலாம். அது அவசரப்பட்டு ஓடிவிடாது.

– மாணவி, க.பொ.த. உயர்தரம், கலைப்பிரிவு