டிகாக்ஷன் தண்ணீர்

மீன் தொட்டித் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்துக்கு மாறினால், வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: ‘என்ன சார், தண்ணியே மாத்தறதில்லையா?’

அழுக்கில்லை, பாதாம் இலை. தெருவோர நாட்டு வாதுமை மரத்திலிருந்து சிவந்து தானாக உதிர்ந்ததைக் கழுவி, காயவைத்துப் போட்டால் டானின் இறங்கும். தண்ணீர் கொஞ்சம் அமிலமாகும். ஃபைட்டர் மீனுக்கு இது சொந்த ஊர் மாதிரி. தாய்லாந்து பக்கத்து வயல்களிலும் சதுப்புகளிலும் இலை தழை ஊறிய தண்ணீரில் வளர்ந்த ஜாதி. 10 லிட்டர் தொட்டிக்குச் சின்னதாக ஒரு இலை போதும். ஆனால், உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரில் அது நிறத்தைத் தவிர வேறெதையும் பெரிசாக மாற்றாது.

சிலர் இலையையும் போட்டு, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பனையும் வைப்பார்கள். அந்தக் கரி டானினை உறிஞ்சிவிடும். ஒரு கையால் டிகாக்ஷன் இறக்கி, மறு கையால் சிங்க்கில் கொட்டுகிற கதை!

ஃபில்டரில் நிஜ ஹீரோ அந்த அழுக்கு ஸ்பாஞ்ச்தான். அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதையும் நைட்ரேட்டாக்குகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். கடைசியது அவ்வளவு மோசமில்லை. ஞாயிற்றுக்கிழமை சுத்தம் பொங்கி, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பளிச்சென்று கழுவினால் பாக்டீரியா காலி. சில நாளில் மீனும் மிதக்கும். கொளத்தூர் கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் லேசாகப் பிழியுங்கள். மிச்சத்தை ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள். அது ஒன்றும் கேள்வி கேட்காது.