ஆஸ்பத்திரியிலும் குண்டா?

மூலக்குளம் சாலையில் ஆம்புலன்ஸ் வந்தால் எல்லோரும் ஒதுங்கி வழி விடுகிறோம். உள்ளே இருப்பவர் யார் என்று கேட்பதில்லை. போர் நடக்கும் இடத்திலும் இதுதான் சட்டம்!

காயம் பட்டவரையும், மருந்திடும் டாக்டரையும், நர்சையும் தாக்கக் கூடாது என்கிறது 1949-ம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம். ஆஸ்பத்திரிக்குள் இருந்து எதிரி சுட்டால்கூட முதலில் எச்சரிக்க வேண்டும். அவகாசம் கொடுக்க வேண்டும். இதற்காக இந்தியா 1960-ல் தனிச் சட்டமே செய்தது.

ஆனால் நடந்தது என்ன?

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப் படை சுட்டுக்கொண்டே புகுந்தது. உள்ளே இருந்து புலிகள் சுட்டார்கள் என்றது படை. அதற்குப் படுக்கையில் கிடந்த நோயாளி என்ன செய்வார்?

மறுநாள் காலை, குழந்தை வைத்தியர் சிவபாதசுந்தரம் கைகளை உயர்த்தியபடி நர்சுகளுடன் வந்தார். அவரையும் சுட்டார்கள்! நோயாளிகளும் ஊழியர்களுமாக மாண்டவர்கள் சுமார் 60 முதல் 70 பேர்.

டாக்டர் செத்தால், அவர் பிழைக்க வைத்திருக்கக் கூடிய உயிர்களும் சேர்ந்தே போகின்றன.

அயலார் படை செய்தால் கண்டிக்கிறோம். நம் படை செய்ததையும் தவறு என்று சொல்வோம். அப்போதுதான் சட்டம் எல்லோருக்கும் பொது!