அந்த ஓஸை அடைக்காதீர்கள்

பழைய மோட்டார் சைக்கிள்கள் மேல் இளைஞர்களுக்கு வந்திருக்கும் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. தாத்தா ஓட்டிய வண்டியைக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலிருந்து இழுத்து வந்து, துருவைச் சுரண்டி, ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து உயிர் கொடுக்கிறார்கள். பிடிக்காத பழக்கம் ஒன்றும் அவர்களிடம் இருக்கிறது. எஞ்சினில் புரியாத பாகம் எது கண்ணில் பட்டாலும் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவது. முதலில் பலியாவது பெரும்பாலும் கார்புரேட்டர் பக்கமிருந்து டைமிங் பிளேட் இருக்கும் இடத்துக்குப் போகும் ஒரு மெல்லிய ரப்பர் ஓஸ். "அண்ணே, எதுக்குன்னே தெரியல. பிடுங்கிட்டு ஒரு ஸ்க்ரூவைச் சொருகி அடைச்சுட்டேன். வண்டி நல்லாத்தான் ஓடுது" என்பார்கள்.

நல்லாத்தான் ஓடும். சிக்கலே அதில்தான் இருக்கிறது.

கோவையில் பட்டறை வைப்பதற்கு முன் எண்பதுகளில் நான் மஸ்கட்டில் வேலை பார்த்தேன். யமஹா எக்ஸ்எஸ் 1100, ஹோண்டா கோல்ட் விங் 1100 மாதிரியான பெரிய ஜப்பான் வண்டிகளை அங்கேதான் கையால் தொட்டேன். நம் ஊர் புல்லட், ஜாவா, ராஜ்தூத் மட்டுமே பழகிய கைக்கு அந்த ஓஸ் புதுசு. அம்பாசிடர் கார் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் வேக்குவம் டப்பாவை மோட்டார் சைக்கிளில் எதற்கு வைத்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேடிப் போனதில்தான் எஞ்சின் என்பது எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் டமாரென்று வெடிப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது எரிகிறது, எரிய நேரம் பிடிக்கிறது. அழுத்தம் உச்சத்தைத் தொடும்போது பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி, கிராங்க் ஏறக்குறைய 12 முதல் 16 டிகிரி வரை திரும்பியிருந்தால் உந்துதல் முழுசாகக் கிடைக்கும். அதற்காகவே பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பிளக்கில் பொறி விழ வைக்கிறோம். இந்த முந்தலைத்தான் பட்டறையில் அட்வான்ஸ் என்கிறோம். 1000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டில் 6 டிகிரி திரும்புகிறது. 3000 ஆர்பிஎம்மில் அதே மில்லிசெகண்டில் 18 டிகிரி. ஆகவே வேகம் ஏற ஏறப் பொறியும் முந்த வேண்டும். புல்லட்டில் பிளாட்டினா பாயிண்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு வெயிட்டும் ஸ்பிரிங்கும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. சுற்றுவேகத்தில் வெயிட் வெளியே விரியும், கேம் முன்னே திரும்பும். ஒரு கட்டத்தில் நின்றுவிடும். வேகம் கூடினால் உள்ளே கலவையின் சுழற்சியும் கூடி எரிதலும் வேகமாகிவிடுவதால் அதற்கு மேல் முந்தத் தேவையில்லை.

நம் மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் இதுவரை தெரிந்தவர்கள். பாடம் இதற்குப் பிறகும் பாதி இருக்கிறது.

ஒரே 3000 ஆர்பிஎம்மில் இரண்டு விதமாக ஓட்டலாம். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி, பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு, மேட்டில் ஏறலாம். அல்லது சமதளச் சாலையில் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டபடி போகலாம். சுற்றுவேகம் ஒன்றுதான். சிலிண்டருக்குள் நடப்பது வேறு. முழுக்கத் திறந்தால் கலவை அடர்த்தியாக உள்ளே வந்து வேகமாகப் பற்றும். கொஞ்சமாகத் திறந்தால் வருவது கொஞ்சம். அதிலும் வெளியேறாமல் தங்கிய பழைய புகை கலந்திருக்கும். ஈர விறகு போல மெதுவாகத்தான் எரியும். அந்த நேரத்தில் பொறி இன்னும் முந்தியாக வேண்டும். சீரான ஓட்டத்தில் மொத்த அட்வான்ஸ் 40 டிகிரியைத் தாண்டுவதுகூடச் சாதாரணம். அதே 40 டிகிரியை மேட்டில் முழு ஆக்சிலேட்டரில் கொடுத்தால் எஞ்சின் நாக்கிங் அடிக்கும். சும்மா விட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

வெயிட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் சுற்றுவேகம் மட்டுமே தெரியும், பாரம் தெரியாது. மிகப் பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஹேண்டில்பாரிலேயே ஒரு அட்வான்ஸ் லீவர் இருந்தது. மேட்டில் எஞ்சின் திணறுகிறது என்று பட்டால் ஓட்டுகிறவரே அதைப் பின்னுக்கு இழுப்பார். பாரத்தைக் காதாலும் உள்ளங்கையாலும் அளந்த மனிதர் அவர். அவர் செய்த வேலையைத்தான் பின்னாளில் ஒரு ரப்பர் ஓஸ் செய்தது.

ஆக்சிலேட்டர் பாதி மூடியிருக்கும்போது எஞ்சின் காற்றை இழுக்க முயலும், வழி குறுகலாக இருக்கும். அதனால் இன்டேக்கில் வெற்றிடம் உண்டாகும். முழுக்கத் திறந்தால் வெற்றிடம் மறைந்துவிடும். அந்த ஓஸின் மறுமுனையில் ஒரு தகர டப்பா, அதற்குள் ரப்பர் டயாஃபிரம், அதில் ஒரு கம்பி. வெற்றிடம் டயாஃபிரத்தை இழுக்க, கம்பி பிக்கப் பிளேட்டைத் திருப்ப, பொறி முந்துகிறது. பாரம் ஏறியதும் வெற்றிடம் விழுந்து, ஸ்பிரிங் பிளேட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. யோசித்தவனைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கார்களில் இந்த ஏற்பாடு 1930களிலேயே வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் வராததற்கு ஒரு நியாயம் உண்டு. 350 சிசி புல்லட்டின் எஞ்சினுக்கு 18 குதிரைத்திறன்தான். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது இருக்கிற சக்தியில் பெரும்பகுதியைச் செலவழித்துக்கொண்டுதான் போகிறது. ஆக்சிலேட்டர் நன்றாகத் திறந்திருக்கும், வெற்றிடம் அதிகமில்லை, வேக்குவம் டப்பா வைத்தாலும் அதற்கு வேலையில்லை. எக்ஸ்எஸ் 1100 அப்படியில்லை. 1101 சிசி, நாலு சிலிண்டர், 95 குதிரைத்திறன். 90 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் போக அதற்குப் பத்து, பதினைந்து குதிரைத்திறன் போதும். ஆக்சிலேட்டர் ஏறக்குறைய மூடியே இருக்கும். நாள் முழுக்க மெதுவாக எரியும் மெல்லிய கலவையோடு ஓடும் அந்த எஞ்சினுக்குத்தான் அந்த ஓஸ் உண்மையாகவே தேவை. புல்லட்டில் இல்லாததால் அது வெட்டி ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

காலமும் ஒரு காரணம். எக்ஸ்எஸ் 1100 வந்தது 1978இல். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் புகைக்கான மத்திய அரசின் கட்டுப்பாடு அதே மாடல் ஆண்டில்தான் தொடங்கியது. 1980இல் ஹைட்ரோகார்பன் கிலோமீட்டருக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது என்று இறுக்கினார்கள். சுத்தமாக எரிய வேண்டும் என்றால் கலவையை மெலிதாக்க வேண்டும். மெலிதானால் மெதுவாக எரியும். மெதுவாக எரிந்தால் பொறி முந்த வேண்டும். எழுபதுகளில் இரண்டு முறை எண்ணெய் விலை எகிறியதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, ஏன் பிடுங்கினார்கள்? எக்ஸ்எஸ் 1100 வைத்திருப்பவர்கள் எந்த நாட்டிலும் அறிந்த ஒரு நோய் உண்டு. வேக்குவம் இழுக்கும்போதெல்லாம் பிளேட் திரும்பும். பிளேட்டோடு, அதில் உட்கார்ந்து பொறிக்கு நேரம் சொல்லும் பிக்கப் காயிலின் வயரும் மடங்கி நிமிரும். ஆண்டுக்கணக்கில் இப்படி ஆடி ஆடி, வயருக்குள் இருக்கும் செம்பு இழைகள் அறுந்துவிடும். மேலே உறை முழுசாக இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நாலு சிலிண்டருக்கு இரண்டு பிக்கப் காயில். ஒரு வயர் போனால் இரண்டு சிலிண்டர் ஒன்றாகச் செத்துப்போகும். சீராகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று குலுங்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் பிளேட் இடம் மாறி, அறுந்த முனைகள் ஒட்டிக்கொண்டு, மறுபடி பிழைக்கும். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டைக் கழுவி, பிளக்கை மாற்றி, ஓய்ந்துபோகிற ஒருவர் கடைசியில் ஓஸைப் பிடுங்குவார். பிளேட் ஆடாமல் நின்றதும் கோளாறு மறைந்துவிடும். ஓஸ்தான் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடும். மீட்டரை வயரில் மாட்டிவைத்துப் பிளேட்டைக் கையால் மெதுவாக அசைத்துப் பார்த்தால் அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடும்: ரீடிங் தாவினால் வயர் போச்சு. மெல்லிய இழைகள் நிறைந்த, நன்றாக வளையும் வயரை வைத்துப் பற்றவைத்தால் வேலை முடிந்தது.

ஓஸைப் பிடுங்கியதோடு நிறுத்தினால்கூடப் பெரிய பாவமில்லை. மைலேஜ் குறையும், எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும். ஆனால் அதோடு நிறுத்துவதில்லையே. "பிக்கப் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று பேஸ் பிளேட்டை அட்வான்ஸ் பக்கம் திருப்பி வைப்பார்கள். இப்போது தேவையான நேரத்தில் மட்டும் வந்துபோன அட்வான்ஸ் எல்லா நேரத்துக்கும் நிரந்தரமாகிவிட்டது. பாரம் ஏறும்போது பின்வாங்க வழியே இல்லை. புல்லட்டிலும் இதே கதைதான். பிக்கப்புக்காக டைமிங்கை ஏற்றி வைப்பார்கள். அல்லது துருப்பிடித்த வெயிட் விரிந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். கிக்கர் திருப்பியடித்து முட்டியைப் பதம் பார்த்த பிறகு, அதை வண்டியின் வீரம் என்று பெருமை பேசுவார்கள். வீரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. டைமிங் தப்பு.

இன்னொரு வேடிக்கை, புகைப் பரிசோதனை. 2000ஆம் ஆண்டு மார்ச் 31க்குப் பிறகு தயாரான பழைய ஃபோர் ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4500 பிபிஎம் என்பது வரம்பு. இதை ஐட்லிங்கில் அளக்கிறார்கள். வேக்குவம் அட்வான்ஸ் உள்ள பல எஞ்சின்களில் ஓஸின் துளை, மூடிய பட்டர்ஃபிளைக்குச் சற்று மேலே இருக்கும். ஐட்லிங்கில் அந்த இடத்தில் வெற்றிடமே இருக்காது. ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்த பிறகுதான் வரும். அப்படிப்பட்ட எஞ்சினில் ஓஸை அடைத்தாலும் சான்றிதழ் கிடைத்துவிடும். சாலையில் எரிபொருள் வீணாவது அந்த மிஷினுக்குத் தெரியாது. ஐட்லிங் சோதனையை மட்டும் நம்பி "எஞ்சின் டியூனிங் ஓகே" என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

இதெல்லாம் மியூசியச் சங்கதி என்று தோன்றலாம். நம் ஊரில் எக்ஸ்எஸ் 1100 எத்தனை ஓடுகிறது என்று கேட்பீர்கள். 2003இல் வந்த பல்சர் டிடிஎஸ்-ஐ நினைவிருக்கிறதா? அதன் கார்புரேட்டரிலிருந்து ஒரு வயர் போகும். ஆக்சிலேட்டர் கொஞ்சம் திறந்திருக்கிறதா, அதிகம் திறந்திருக்கிறதா என்பதை உணர்ந்து, பொறியை விழ வைக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான சிடிஐக்குச் சொல்லி, டைமிங்கை மாற்றும் ஏற்பாடு அது. அந்த வயர் அறுந்தாலும் வண்டி ஓடும் என்பதால், அறுந்ததைச் சட்டை செய்யாமல் விட்டவர்கள் ஏராளம். ஓஸை அடைத்த அதே மனசுதான். எண்பதுகளிலேயே சில யமஹா மாடல்களில் தகர டப்பா போய், வெற்றிடத்தை அளக்கும் அழுத்த சென்சார் வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு ஏறக்குறைய எல்லா இருசக்கர வண்டிகளும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அவற்றில் பலவற்றின் இன்டேக்கில் உட்கார்ந்திருக்கும் மேப் சென்சார் அளப்பதும் அந்தப் பழைய ஓஸ் கொண்டுபோன சங்கதியைத்தான்: இன்டேக்கில் அழுத்தம் எவ்வளவு, எஞ்சின் மேல் பாரம் எவ்வளவு. ஸ்கேனரில் எர்ரர் கோடு வந்தால் சென்சாரை மாற்றத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். அந்த எண் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். டயாஃபிரத்தைக் கண்ணால் பார்த்தவன் முழிக்க மாட்டான்.

அதனால் ஐடிஐ ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய அம்பாசிடர் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று உங்கள் மேஜையில் இருக்கட்டும். சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் செய்தவை பழைய இரும்புக் கடைகளில் இன்னும் கிடைக்கலாம். பக்கத்தில் ஒரு வேக்குவம் கேஜ் இருக்கட்டும். பையன்கள் கையால் இழுத்துப் பார்த்துப் பிளேட் திரும்புவதைப் பார்க்கட்டும். மேப் சென்சார் பாடத்தை அதற்கு அடுத்த நாள் எடுங்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: ஸ்க்ரூவைச் சொருகுவதற்கு முன், மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். எங்கள் காலத்து ஆட்களைப் போல வாயால் உறிஞ்ச வேண்டாம். பெட்ரோல் ஆவி நல்லதில்லை. ஓஸை டப்பாப் பக்கம் விட்டு, கார்புரேட்டர் பக்க முனையைக் கழற்றிச் சிரிஞ்சில் மாட்டி இழுங்கள். பிளேட் திரும்பி அப்படியே நின்றால் டப்பா நன்றாக இருக்கிறது. திரும்பிவிட்டுத் தானே திரும்பி வந்தால் டயாஃபிரம் கிழிந்திருக்கலாம், ஓஸிலும் வெடிப்பு இருக்கலாம். முதலில் ஓஸை மாற்றிப் பாருங்கள், அதுதான் மலிவு. அந்த ஓஸ் எந்தச் சிலிண்டரிலிருந்து வருகிறதோ அதன் பிளக் மட்டும் வெளுத்திருந்தால், அந்த வழியாகக் காற்று கசிகிறது என்று பொருள். டயாஃபிரம் போய், ஸ்பேரும் கிடைக்கவில்லையா? அப்போது ஓஸைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத் துளையை இறுக்கமாக அடைத்துவிட்டு ஓட்டுங்கள், மைலேஜ் கொஞ்சம் குறைவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பேஸ் பிளேட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.