ஹுசைனின் ஓவியங்களுக்கு ஒரு சுவர் வேண்டும்

எம்.எஃப். ஹுசைன் 1954இல் வரைந்த ‘கிராம யாத்திரை’ ஏறத்தாழ 14 அடி நீளமுள்ள கித்தான். பதின்மூன்று சிறு காட்சிகள் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. மாவரைக்கும் பெண், பால் கறக்கும் பெண், மாட்டு வண்டி, தாயும் பிள்ளையும். ஒரு கட்டத்தில் ஓர் உழவன். அவன் கை பக்கத்துக் கட்டத்தின் நிலத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. வாங்கிய மருத்துவரோடு நார்வேக்குப் போன இந்த ஓவியம், ஆஸ்லோ மருத்துவமனை ஒன்றில் பல்லாண்டுகள் கிடந்தது. 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது. ஏலத்தில் நவீன இந்திய ஓவியம் எதுவும் அதுவரை அந்த விலையைத் தொட்டதில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், தில்லிக் கலைக்கூடம் ஒன்றில் இருந்த அவருடைய இரண்டு ஓவியங்களைக் கைப்பற்ற ஒரு நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் இறந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

பாண்டுரங்கன் குடிகொண்ட பண்டரிபுரத்தில் 1915இல் பிறந்தவர் ஹுசைன். பம்பாய்த் தெருக்களில் சாரம் கட்டி ஏறி சினிமா பேனர் வரைந்து பிழைத்தார். 1947இல் சூசா, ரஸா ஆகியோரோடு முற்போக்கு ஓவியர் குழுவில் சேர்ந்தார். பத்மவிபூஷண், மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி என்று அரசு தர முடிந்த கௌரவங்கள் பலவும் அவருக்குக் கிடைத்தன.

ராமாயண ஓவியங்களின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ராம் மனோகர் லோகியா ஒருமுறை, பணக்காரர்களின் வரவேற்பறைக்கு வரைவதை விட்டு ராமாயணத்தை வரையுங்கள் என்றார். ஹுசைன் அதை மனதில் ஏற்றிக்கொண்டார். ஹைதராபாதில் தங்கி, பண்டிதர்களை அழைத்துப் பாடம் கேட்டு, ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தார். அவற்றை மாட்டு வண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனதாகவும், அங்கே ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ராமனையும் அனுமனையும் இத்தனை காலம் மனதில் சுமந்த ஒருவரைத்தான் தெய்வ நிந்தனை செய்தவர் என்று துரத்தினார்கள்.

இந்து தெய்வங்களை ஆடையின்றி 1970களில் வரைந்த கோட்டோவியங்களை 1996இல் ஓர் இந்திப் பத்திரிகை எடுத்துப் போட்டதில் தீ பற்றியது. அகமதாபாதில் கலைக்கூடம் சூறையாடப்பட்டது. 1998இல் மும்பை வீடு தாக்கப்பட்டது. ‘பாரத மாதா’ என்று பெயர் சூட்டப்பட்ட ஓவியம் 2006இல் மறுபடி புயலைக் கிளப்பியபோது, அதை ஏலத்திலிருந்து விலக்கிக்கொண்டு வருத்தமும் தெரிவித்தார். யாரும் அடங்கவில்லை. ராஜ்கோட், இந்தூர் என்று ஊர் ஊராக வழக்குகள். பிறந்த பண்டரிபுரத்திலும் ஒன்று. தொண்ணூறு வயதில் அவர் நாட்டை விட்டுப் போனார்.

அந்தச் சித்திரங்களைப் பார்த்து மனம் நொந்தவர்களில் உண்மையான பக்தர்களும் உண்டு. அவர்கள் எதிர்த்து எழுதலாம், கண்காட்சியைப் புறக்கணிக்கலாம். ஹுசைனும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். நெருக்கடி நிலையின்போது இந்திரா காந்தியைத் துர்க்கையாக வரைந்தது அவர் வாழ்வில் ஒரு சறுக்கல். ஆனால் கல்லெறிவது விமர்சனமாகாது. அதில் ஒரு மதத்தார் மட்டும் குற்றவாளிகளும் அல்லர். அவருடைய ‘மீனாக்ஷி’ படத்தின் ஒரு பாடலை இஸ்லாமிய அமைப்புகள் எதிர்த்ததால், 2004இல் படமே திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. 2008 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் வழக்குகளை ரத்து செய்தார். தொண்ணூறு வயதுக் கலைஞர் தன் வீட்டில் இருந்து வரைய வேண்டியவர் என்றார். உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. இதே கௌல்தான் பின்னர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக வந்து, 2016 ஜூலையில் பெருமாள்முருகனை மீண்டும் எழுத அழைத்த தீர்ப்பை வழங்கிய அமர்வில் இருந்தார். பெருமாள்முருகன் எழுதத் தொடங்கினார். ஹுசைன் திரும்பவில்லை. தீர்ப்பு வந்து மூன்று மாதத்தில் தில்லியில் நடந்த கலைச் சந்தையில், பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர் ஓவியம் ஒன்றுகூட வைக்கப்படவில்லை. 2010இல் அவர் கத்தார் குடியுரிமை பெற்றார். அதன் பிறகு பாதுகாப்பு தருகிறோம் என்று மத்திய அரசு முன்வந்தது. மறு ஆண்டு ஜூன் 9 அன்று லண்டனில் இறந்தார், அடக்கமும் இங்கிலாந்தில்தான். 2025 நவம்பரில் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது, தோஹாவில்.

இன்றாவது மத்திய அரசு செய்ய வேண்டியது உண்டு. 1955இல் முதல் பரிசு பெற்ற ‘ஜமீன்’ தேசிய நவீனக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதையும் ராமாயண வரிசையையும், சர்ச்சைக்குள்ளான கோட்டோவியங்களையும் ஒன்றாகத் திரட்டிப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மிரட்டல் வந்தால் காவலர்கள் காக்க வேண்டியது ஓவியத்தை. அதைக் கழற்றி எடுத்துப்போவது அவர்கள் வேலை அல்ல.

இது நடக்காத காரியம் அல்ல. 2011 ஜனவரியில் அதே தில்லிக் கலைச் சந்தையில் மிரட்டலுக்கு அஞ்சி ஹுசைனின் ஓவியங்களை இறக்கினார்கள். பாதுகாப்புக்கு உறுதி கிடைத்ததும் திரும்ப மாட்டினார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார்.