கம்பி வளைக்க ஒரு கிலோ போதும்

பிடிவலுவுக்குக் கம்பி வளைக்க ஆசைப்படும் நாகரசம்பட்டி இளைஞர்கள், அமெரிக்காவின் அயர்ன்மைண்ட் நிறுவனம் வளைப்பதற்கென்றே விற்கும் ஆணிகளுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. ஓசூர்ப் பட்டறைகள் இருக்கும் மாவட்டம் அவர்களுடையது. துண்டு இரும்பு எடைக்கே கிடைக்கும். 6 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) கம்பி மீட்டருக்கு 222 கிராம்தான். ஏழு அங்குலத் துண்டுகளாக வெட்டினால் கிலோவுக்கு 25 தேறும். உடனே 8 மி.மீ.க்குத் தாவ வேண்டாம். தேவைப்படும் பலம் விட்டத்தின் மும்மடியாக ஏறும். இரண்டு மில்லிமீட்டர் கூடினாலே இரண்டே கால் மடங்கைத் தாண்டிவிடும். கட்டட வேலையில் மிஞ்சும் டி.எம்.டி. கம்பி இதற்கு ஆகாது: மேல்தோல் தண்ணீர் பாய்ச்சி இறுக்கியது, வரிகள் கையைக் கிழிக்கும். லேத்தில் கிடைக்கும் பளபளப்பான பிரைட் பாரும் (பார்க்க எவ்வளவு சாது!) குளிர்நிலையில் இழுத்தது, அதே தடிமனில் கூடுதலாக முரண்டு பிடிக்கும். முனைகளை அரத்தால் ராவி, கெட்டித் துணி சுற்றியே பிடியுங்கள்.