டாக்டருக்கு 'சார்', கிளார்க்குக்கு 'ஏம்ப்பா'வா?

ஒரு அரசு மருத்துவமனையில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று தெரிந்துகொள்ள பெயர்ப் பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டால் போதும். மருத்துவர் என்றால் 'சார்', 'மேடம்'. செவிலியர் என்றால் 'சிஸ்டர்'. ஓபி சீட்டு போடுபவர், பழைய கேஸ் ஷீட்டைத் தேடி எடுப்பவர், காப்பீட்டு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் என்றால்... 'ஏம்ப்பா', 'இந்தாம்மா', 'சீக்கிரம் பாரு'. கூப்பிடுகிற ஹவுஸ் சர்ஜனுக்கு இருபத்து மூன்று வயது, அந்த கிளார்க்குக்கு ஐம்பது வயது என்பதெல்லாம் அங்கே கணக்கிலேயே இல்லை!

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. 'பாரு' என்பதற்கும் 'பாருங்க' என்பதற்கும் நடுவில் ஒரே ஒரு 'ங்க'தான். அதை ஒருவர் யாருக்குக் கொடுக்கிறார், யாருக்குக் கொடுக்க மறுக்கிறார் என்பதில் அவர் மனதுக்குள் இருக்கும் ஏணி தெரிந்துவிடும்.

சரி, இந்த ஊழியர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

நோயாளி தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. பொறுப்பு மருத்துவருடையது. ஆனால் ஆவண அறையில் அந்தக் கட்டைத் தேடி எடுப்பவர் கிளார்க். அடுத்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2012-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் குடும்ப அட்டையில் ஒரு பெயர், கேஸ் ஷீட்டில் வேறு எழுத்து என்றால் ஒப்புதல் தள்ளிப்போகலாம். அதைக் கண்டுபிடித்துத் திருத்துபவரும் மேசைக்குப் பின்னால் இருப்பவர்தான். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி படுத்திருந்தால் யாருடைய தாள் யாருடைய கட்டில் சேர வேண்டும் என்று கவனமாகப் பார்க்க வேண்டியவரும் அவரே. இங்கே நடக்கும் சின்னத் தவறு, அங்கே கட்டிலில் இருப்பவரைப் பாதிக்கும்.

'நாலு வார்த்தை கடுமையாகப் பேசினால் என்ன, வேலை நடந்தால் சரி' என்பார்கள் சிலர். நடக்காது என்பதுதான் விஷயம். 2015-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஓர் இஸ்ரேல் ஆய்வு வந்தது. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணர் ஒருவர் லேசாக மட்டம் தட்டிப் பேசினார். அந்தக் குழுக்களின் நோயறிதலும் சிகிச்சைச் செயல்பாடும் மற்றவர்களைவிடக் குறைந்தன. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்ததே இதற்கு முக்கியமான காரணம். படித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்குமே இந்த நிலை என்றால், தினமும் திட்டு வாங்கும் கிளார்க் 'டாக்டர், இந்தத் தாள்ல வயசு தப்பா இருக்கு' என்று வந்து சொல்வாரா? 'நமக்கென்ன' என்று விட்டுவிட மாட்டாரா?

இன்னொரு கேள்வியும் வரும். 'அவர்கள் மட்டும் யோக்கியமா? ஓபி கவுண்டரில் எப்படி எரிந்து விழுகிறார்கள், தெரியாதா?' உண்மைதான். வரிசையில் நிற்கும் ஏழைகளுக்கு அது நன்றாகவே தெரியும். காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் புகார் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எரிச்சல் எங்கிருந்து புறப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும். பேராசிரியர் ரவுண்ட்ஸில் பி.ஜி.யைத் திட்டுகிறார். பி.ஜி. ஹவுஸ் சர்ஜனைத் திட்டுகிறார். ஹவுஸ் சர்ஜன் கிளார்க்கைத் திட்டுகிறார். கிளார்க் பலரும் ஒப்பந்த ஊழியர்கள். மேலே திருப்பிப் பேசினால் வேலை போய்விடுமோ என்ற பயம். அதனால் முதல் பஸ் பிடித்து ஊரிலிருந்து வந்து நிற்கும் பாட்டி மேல் அது போய் விழுகிறது. அந்தப் பாட்டிக்குக் கீழே திட்டுவதற்கு யாரும் இல்லை!

அதனால்தான் கிளார்க்குக்குக் கொடுக்கும் மரியாதை அவரோடு நின்றுவிடுவதில்லை. அவமானம் இறங்கும் அதே படியில்தான் மரியாதையும் இறங்கி ஜன்னலுக்கு வெளியே நிற்பவரிடம் போகும். அதற்காக 'அண்ணா, அக்கா' என்று காரியம் முடியும் வரை குழைவதும் மரியாதை ஆகாது. காரியம் இல்லாத நாளிலும் அதே 'ங்க' வர வேண்டும்.

மருத்துவம் படிக்கும் நண்பர்களே, ஹவுஸ் சர்ஜனாகச் சேரும் முதல் நாளே மூன்று பேரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். வார்டு கிளார்க், ஆவண அறை ஊழியர், காப்பீட்டு அறையில் இருப்பவர். நோயாளியோடு வரும் உறவினர்களும் சீட்டை நீட்டும் முன் ஒரு வணக்கம் சொல்லலாம். பதில் வணக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, மறுநாளும் சொல்லுங்கள்.